நமக்குக் கதவு திறந்தவர்கள்



இயேசு எந்தச் சமயத்தைச் சேர்ந்தவர்? மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். "கிறிஸ்தவர்" என்று பல பிள்ளைகள் சட்டென்று பதில் சொல்வார்கள். பெரியவர்களும் சற்று யோசித்த பிறகுதான் "யூதர்" என்பார்கள். பதில் தெரியாமல் அல்ல. தெரிந்தும் அது நம் மனத்தில் தங்குவதில்லை. இயேசு யூதராகப் பிறந்தார், யூதராக வாழ்ந்தார், யூதராகவே இறந்தார். அவருடைய அன்னை யூதப் பெண். வளர்ப்புத் தந்தை சூசையப்பர் யூதர். பன்னிரு திருத்தூதரும் யூதர். புனித பவுலும் யூதர். இதை இன்று சற்று நிதானமாகச் சிந்திப்போம். ஏனென்றால் இதை மறந்ததால் திருச்சபையின் வரலாற்றில் பெரும் தீங்குகள் விளைந்திருக்கின்றன.

முதலில் நற்செய்திக்கே வருவோம். குழந்தை இயேசுவுக்கு எட்டாம் நாளில் விருத்தசேதனம் செய்யப்பட்டதை லூக்கா குறிப்பிடுகிறார். பின்னர் பெற்றோர் அவரை எருசலேம் கோவிலுக்குக் கொண்டு சென்று, ஆடு வாங்க வசதியில்லாத ஏழைகளுக்குத் திருச்சட்டம் அனுமதித்தபடி, ஒரு சோடிப் பறவைகளைக் காணிக்கையாகக் கொடுத்தனர். ஆண்டுதோறும் பாஸ்கா விழாவுக்கு அந்தக் குடும்பம் எருசலேமுக்குப் பயணம் போனது. வளர்ந்த இயேசு ஓய்வுநாள்தோறும் தொழுகைக்கூடத்துக்குச் செல்வதை வழக்கமாகக் கொண்டிருந்தார். நாசரேத்து தொழுகைக்கூடத்தில் அவர் எழுந்து வாசித்தது எசாயா இறைவாக்கினரின் ஏட்டுச் சுருள்.

பன்னிரண்டு ஆண்டுகளாக நோயுற்றிருந்த பெண் இயேசுவின் மேலுடையின் ஓரத்தைத் தொட்டுக் குணமான நிகழ்ச்சி நமக்கெல்லாம் தெரியும். அந்த ஓரம் எது? மத்தேயுவும் லூக்காவும் அங்கே எழுதும் கிரேக்கச் சொல், பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில், எண்ணிக்கை நூல் 15-ஆம் அதிகாரத்தில் வரும் அதே சொல்தான். ஆண்டவரின் கட்டளைகளை மறவாதிருக்க ஆடையின் ஓரங்களில் குஞ்சம் கட்டிக்கொள்ள வேண்டும் என்று அங்கே மோசே வழியாகக் கட்டளை தரப்படுகிறது. அப்படியானால் அந்தப் பெண் தொட்டது, திருச்சட்டத்தைக் கடைப்பிடிக்கும் ஒரு யூதர் அணிந்திருந்த குஞ்சத்தை. இயேசுவைச் சுமாராகத்தான் யூதர் என்று நினைப்பவர்கள் இந்தக் குஞ்சத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அவருடைய போதனை மட்டும் வேறு எங்கிருந்தோ வந்ததா? கட்டளைகளுள் தலைசிறந்தது எது என்று கேட்டபோது, முழு இதயத்தோடு கடவுளை அன்பு செய்வது என்றும், தன்னைப்போல் அடுத்திருப்பவரை அன்பு செய்வது என்றும் அவர் பதில் சொன்னார். முதலாவது இணைச்சட்ட நூல் 6-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. இரண்டாவது லேவியர் நூல் 19-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. கடவுளின் பெயர் தூயதெனப் போற்றப்படவும் அவரது ஆட்சி வரவும் வேண்டுகிற கதீஷ் என்ற செபத்தை யூதர்கள் இன்றும் சொல்கிறார்கள். அதைக் கேட்கும் எந்தக் கத்தோலிக்கருக்கும் 'விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே' செபம் நினைவுக்கு வரும். இயேசு தம் மக்களின் செல்வத்தைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்கவில்லை. திருச்சட்டத்தை அழிக்க அல்ல, நிறைவேற்றவே வந்ததாக அவரே மலைப்பொழிவில் சொல்லிவிட்டார். அதை அவர் தம் சொந்த அதிகாரத்தோடு சொன்னார். அங்கேதான் நமது நம்பிக்கை தொடங்குகிறது. அவரே இறைமகன் என்றும், உயிர்த்தெழுந்தார் என்றும் முதலில் அறிக்கையிட்டவர்களும் யூதர்களே.

அவர் உயிர்த்தெழுந்து விண்ணேற்றம் அடைந்த பிறகு சீடர்கள் என்ன செய்தார்கள்? ஒரு புதிய மதத்தைத் தொடங்கி, அதற்குப் பெயர் சூட்டினார்களா? இல்லை. திருத்தூதர் பணிகள் நூலைப் பாருங்கள். அவர்கள் நாள்தோறும் கோவிலில் கூடினார்கள். வீடுகளில் அப்பம் பிட்டார்கள். பேதுருவும் யோவானும் பிற்பகல் மூன்று மணிச் செபத்துக்குக் கோவிலுக்குப் போனபோதுதான் கால் ஊனமுற்றவர் குணமானார். தூய ஆவியார் இறங்கிவந்த பெந்தக்கோஸ்து நாளும் யூதர்களின் திருவிழாவே. பாஸ்காவுக்குப் பின் ஐம்பதாம் நாளில், கோதுமை அறுவடையை ஒட்டி அவர்கள் கொண்டாடிய விழா அது. அதனால்தான் பல நாடுகளிலிருந்து வந்த யூதர்கள் அன்று எருசலேமில் திரண்டிருந்தார்கள். இஸ்ரயேலுக்குக் கடவுள் கொடுத்த வாக்குறுதி நிறைவேறிவிட்டது என்பதே அந்தச் சீடர்களின் செய்தி.

அப்படியானால், யூதரல்லாத நாம் உள்ளே வந்தது எப்படி?

சகோதர சகோதரிகளே, அந்தியோக்கியா என்ற நகரத்துக்கு வருவோம். இன்றைய துருக்கி நாட்டின் தென்கோடியில், சிரியா எல்லையருகே இருக்கிறது. 2023 பிப்ரவரி நிலநடுக்கத்தில் பெரிதும் இடிந்துபோன அந்தாக்கியா நகரம் அதுதான். முதல் நூற்றாண்டில் உரோமைப் பேரரசில் உரோமைக்கும் அலெக்சாந்திரியாவுக்கும் அடுத்த பெரிய நகரம். சீடர்கள் முதன்முதலாகக் கிறிஸ்தவர்கள் என்று அழைக்கப்பட்டது அங்கேதான். யூதரும் பிற இனத்தாரும் ஒரே மேசையில் அமர்ந்து உண்ணத் தொடங்கியதும் அங்கேதான். அங்கேதான் சிக்கலும் எழுந்தது. யூதேயாவிலிருந்து வந்த சிலர், விருத்தசேதனம் செய்துகொள்ளாவிட்டால் பிற இனத்தாருக்கு மீட்பு இல்லை என்று போதித்தார்கள்.

இந்த இடத்தில் நாம் மறையுரைகளில் அந்த மனிதர்களைக் குறுகிய மனத்தினர், சடங்குக்காரர்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அவர்கள் ஏன் அப்படிப் பேசினார்கள் என்று நாம் கேட்பதில்லை. நம் கத்தோலிக்க விவிலியத்தில் இருக்கும் மக்கபேயர் நூல்களைத் திறந்தால் விடை கிடைக்கும். அந்தியோக்கியாவைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட நான்காம் அந்தியோக்கு என்ற அரசன், கி.மு. 167-ஆம் ஆண்டு வாக்கில் யூத சமயத்தையே தடைசெய்தான். ஓய்வுநாளைக் கடைப்பிடிக்கக் கூடாது. குழந்தைகளுக்கு விருத்தசேதனம் செய்யக் கூடாது. மீறிய தாய்மாரைக் கொன்று, அவர்களது கழுத்தில் குழந்தைகளையும் தொங்கவிட்டார்கள். முதியவர் எலயாசரின் வாயைத் திறந்து பன்றி இறைச்சியைத் திணிக்கப் பார்த்தார்கள். அவர் அதைத் துப்பிவிட்டுச் சாவை ஏற்றார். ஒரு தாயின் கண்முன்னே ஏழு மகன்களும் ஒருவர்பின் ஒருவராகக் கொல்லப்பட்டார்கள்.

இப்போது எண்ணிப்பாருங்கள். விருத்தசேதனமும் உணவுச் சட்டமும் அந்த மக்களுக்கு வெறும் சடங்கு அல்ல. தங்கள் முன்னோர் இரத்தம் சிந்திக் காத்த உடன்படிக்கையின் அடையாளம். அதை வேண்டாம் என்று சொல்ல அவர்களைத் துன்புறுத்திய அரசனின் தலைநகரம் எது? அதே அந்தியோக்கியா. அந்த நகரத்திலிருந்துதான், விருத்தசேதனம் இல்லாதவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற வேண்டுகோள் எருசலேமுக்கு வந்து சேர்ந்தது. நாம் அந்த எருசலேம் சபையில் உட்கார்ந்திருந்தால் என்ன சொல்லியிருப்போம்?

ஏறத்தாழ கி.பி. 49-இல் எருசலேமில் திருத்தூதரும் மூப்பரும் கூடினார்கள். திருத்தூதர் பணிகள் நூலின் 15-ஆம் அதிகாரம் அந்தக் கூட்டத்தை விவரிக்கிறது. அங்கே முடிவெடுக்கும் பொறுப்பில் இருந்தவர்கள் யூதர்கள். நெடுநேரம் விவாதம் நடந்தது. பேதுரு எழுந்து, செசரியாவில் தாம் கண்டதை நினைவூட்டினார். அங்கே உரோமை நூற்றுவர் தலைவரான கொர்னேலியுவின் வீட்டில், யூதர்மேல் இறங்கிய அதே தூய ஆவியார் பிற இனத்தார்மேலும் இறங்கியதைப் பார்த்தவர் அவர். பவுலும் பர்னபாவும் பிற இனத்தாரிடையே கடவுள் செய்த செயல்களை எடுத்துச் சொன்னார்கள். இறுதியில் எருசலேம் திருச்சபையின் தலைவரான யாக்கோபு பேசினார். அவர் ஆமோஸ் இறைவாக்கினரை எடுத்துக்காட்டினார். விழுந்துபோன தாவீதின் கூடாரத்தைக் கடவுள் மீண்டும் எழுப்பும்போது பிற இனத்தாரும் அவரைத் தேடி வருவார்கள் என்பது அந்த இறைவாக்கின் பொருள்.

முடிவு என்ன? பிற இனத்தார் விருத்தசேதனம் செய்துகொள்ள வேண்டியதில்லை. சிலைகளுக்குப் படைத்தவை, இரத்தம், கழுத்து நெரிக்கப்பட்டுச் செத்தவை, பரத்தைமை ஆகிய நான்கையும் அவர்கள் விலக்கினால் போதும். இந்த நான்கும் எங்கிருந்து வந்தன? இவற்றின் வேர்கள் லேவியர் நூல் 17, 18-ஆம் அதிகாரங்களில், இஸ்ரயேல் மக்களிடையே தங்கும் அந்நியருக்குச் சொல்லப்பட்ட சட்டங்களில் இருப்பதாக விவிலிய அறிஞர் பலர் விளக்குகிறார்கள். அதாவது, யாக்கோபும் மற்றவர்களும் தங்கள் மறைநூலை மூடி வைத்துவிட்டு நமக்கு இடம் கொடுக்கவில்லை. அதைத் திறந்து, அதற்குள்ளேயே நமக்கு ஓர் இடம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். பிற இனத்தாருக்குக் கடவுள் நம்பிக்கையின் கதவைத் திறந்துவிட்டதாக லூக்கா எழுதுகிறார். அந்தக் கதவில் கைவைத்துத் திறந்த மனிதர்கள் யூதர்கள்.

அதன்பிறகும் வழி எளிதாக இருக்கவில்லை. பவுல் கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தில் மனந்திறந்து எழுதுகிறார். அந்தியோக்கியாவில் பிற இனத்தாரோடு உண்டுவந்த பேதுரு, யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் தயங்கி ஒதுங்கிக்கொண்டார். மற்ற யூதக் கிறிஸ்தவர்களும் ஒதுங்கினார்கள், பர்னபாவும் சேர்ந்துகொண்டார். பவுல் எல்லார் முன்னிலையிலும் பேதுருவை நேருக்கு நேர் கண்டித்தார். அந்தப் பவுல் யார்? பென்யமின் குலத்தவர், பரிசேயர், கமாலியேலின் காலடியில் அமர்ந்து கற்றவர். நமக்காக வாதாடியவரும் திருச்சட்டத்தைக் கரைத்துக் குடித்த ஒரு யூதரே.

யாக்கோபுக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். கி.பி. 62-இல் தலைமைக் குரு அனானு அவரைக் கல்லெறிந்து கொல்லச் செய்ததாக யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு எழுதுகிறார். திருச்சட்டத்தில் கண்டிப்பானவர்களே அந்த அநீதியை எதிர்த்து முறையிட்டார்கள் என்றும், அனானு பதவியிழந்தார் என்றும் அவர் சேர்த்து எழுதுகிறார். யூதர்கள் எல்லாரும் ஒருபக்கம், கிறிஸ்தவர்கள் எல்லாரும் மறுபக்கம் என்று அந்த நாள்கள் இருக்கவில்லை.

பிறகு ஏன் பிரிந்தோம்? கி.பி. 70-இல் உரோமைத் தளபதி தீத்து எருசலேம் கோவிலை அழித்தார். பலியும் குருத்துவமும் நின்றுபோன நிலையில், யூத மக்கள் ரபிகளின் வழிகாட்டுதலில் தொழுகைக்கூடத்தையும் திருச்சட்டத்தையும் மையமாகக் கொண்டு தங்கள் வாழ்வைச் சீரமைத்தார்கள். திருச்சபையிலோ பிற இனத்தாரின் எண்ணிக்கை பெருகியது. ஒரே வீட்டில் பிறந்த இருவர் மெல்ல மெல்லப் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். வீட்டுக்குள் நடக்கும் சண்டையில் சொல் கடுமையாகத்தான் இருக்கும். நற்செய்திகளில் பரிசேயர்மேலும் யூதர்மேலும் விழும் கடுஞ்சொற்களில் அந்த வேதனையும் கலந்திருக்கிறது.

வந்தவர்கள் பெருகியதும், வேரையே வெட்டிவிடலாம் என்று சொன்னவரும் எழுந்தார். மார்சியோன் என்பவர் பழைய ஏற்பாடே வேண்டாம், அதன் கடவுள் வேறு, இயேசுவின் தந்தை வேறு என்று உரோமையில் போதித்தார். கி.பி. 144-இல் உரோமைத் திருச்சபை அவரை விலக்கிவிட்டது. திருப்பாடல்களையும் எசாயாவையும் நாம் இன்றும் திருப்பலியில் வாசிப்பது, அன்று திருச்சபை உறுதியாக நின்றதால்தான்.

ஆனால் மறைநூலைக் காத்த திருச்சபையின் மக்கள், அந்த மறைநூலைத் தந்த மக்களைக் காக்கவில்லை. மீண்டும் அதே அந்தியோக்கியாவைப் பாருங்கள். 386, 387-ஆம் ஆண்டுகளில் அங்கே குருவாக இருந்த புனித யோவான் கிறிசோஸ்தோம், யூதர்களின் திருவிழாக்களுக்கும் தொழுகைக்கூடங்களுக்கும் சென்றுவந்த கிறிஸ்தவர்களைத் தடுக்க மறையுரைகள் ஆற்றினார். பவுலுக்கு முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் சாதாரண மக்களிடையே அந்த உறவு அறுந்துவிடவில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. ஆனால் அந்தப் பெரிய மறைவல்லுநர் யூதர்மேல் வீசிய சொற்கள் மிகக் கொடியவை. பிற்காலத்தில் யூதரை வெறுத்தவர்கள் அவற்றை ஆயுதமாக எடுத்துக்கொண்டார்கள். கிறிஸ்துவைக் கொன்றவர்கள் என்ற பழி நூற்றாண்டுகளாக ஒரு மக்களினத்தின் தலையில் சுமத்தப்பட்டது. ஐரோப்பாவில் அவர்கள் அடிக்கப்பட்டார்கள், விரட்டப்பட்டார்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நாசிகள் ஏறத்தாழ 60 இலட்சம் யூதரைக் கொன்றார்கள். நாசிக் கொள்கை கிறிஸ்தவம் அல்ல. ஆனால் கிறிஸ்தவ நாடுகளில் நெடுங்காலம் விதைக்கப்பட்ட வெறுப்பு அந்தக் கொடுமைக்கு நிலத்தைப் பண்படுத்திக் கொடுத்தது என்பதை மறுக்க முடியாது.

ஜூல் இசாக் என்ற பிரெஞ்சு யூத வரலாற்றாசிரியர் தம் மனைவியையும் மகளையும் அந்தப் படுகொலையில் இழந்தவர். 1960 ஜூன் 13 அன்று அவர் திருத்தந்தை 23-ஆம் யோவானைச் சந்தித்து, யூதரை இழிவாகக் காட்டும் கிறிஸ்தவப் போதனை திருத்தப்பட வேண்டும் என்று மன்றாடினார். அதற்கு முந்திய ஆண்டே அந்தத் திருத்தந்தை பெரிய வெள்ளி மன்றாட்டில் யூதரைக் குறித்து இருந்த இழிசொல்லை நீக்கியிருந்தார். 1965 அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 'நோஸ்த்ரா ஏத்தாத்தே' ஏடு வெளியானது. இயேசுவின் சாவுக்கான பழியை அன்று வாழ்ந்த யூதர் எல்லார்மேலும் வேறுபாடின்றிச் சுமத்த முடியாது, இன்றைய யூதர்மேலும் சுமத்த முடியாது என்று அது தெளிவாகப் போதித்தது. 1986 ஏப்ரல் 13 அன்று திருத்தந்தை 2-ஆம் யோவான் பவுல் உரோமையிலுள்ள யூதத் தொழுகைக்கூடத்துக்கே சென்று, அவர்களை நம் மூத்த சகோதரர்கள் என்று அழைத்தார்.

சரி, யூதர் ஒருவரைக்கூட நேரில் பார்த்திராத நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். மூன்று காரியங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, பெரிய வெள்ளிக்கிழமை. அன்று யோவான் நற்செய்தியின் பாடுகளை வாசிக்கிறோம். 'யூதர்கள்' என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. அங்கே அது பெரும்பாலும் எருசலேமின் அதிகாரத் தலைவர்களைக் குறிக்கிறது. சிலுவையின் அடியில் நின்று அழுத அன்னையும் அன்புச் சீடரும் யூதர்களே. நம் நம்பிக்கை அறிக்கையில் இயேசுவைத் தவிர இரண்டு மனிதர்களின் பெயர்கள்தாம் உள்ளன. ஒருவர் மரியா, மற்றவர் பிலாத்து. அவரைப் பெற்றெடுத்தவர் யூதப் பெண். அவருக்குச் சாவுத் தீர்ப்பு அளித்தவர் உரோமை ஆளுநர். சிலுவைச் சாவும் உரோமையர் கொடுத்த தண்டனை. இதற்கும் மேலாக, 1566-இல் வெளிவந்த திரெந்து சங்கத்தின் மறைக்கல்வி நூலே, அறிந்தும் பாவம் செய்யும் கிறிஸ்தவர்களின் குற்றம் யூதரின் குற்றத்தைவிடப் பெரிது என்று போதிக்கிறது. ஆகவே பாஸ்கா நாடகம் நடத்தும் நம் இளைஞர்களே, யூதர்களை ஒரு கொலைகாரக் கூட்டமாக மேடையில் காட்டாதீர்கள். பார்க்கும் பிள்ளைகளின் மனத்தில் அதுதான் பதியும்.

இரண்டாவது, நம் வழிபாடு. ஆமென், அல்லேலூயா, ஓசன்னா என்று நாம் பாடுவதெல்லாம் அந்த மக்களின் சொற்கள். திருப்பலியில் அப்பத்தையும் இரசத்தையும் காணிக்கையாக்கும்போது குரு சொல்லும் மன்றாட்டு, யூதர்கள் உணவு வேளையில் கடவுளைப் போற்றும் செபத்தின் வடிவில் அமைந்தது. பவுல் உரோமையருக்கு எழுதியதை மறக்க வேண்டாம். நாம் காட்டு ஒலிவ மரத்துக் கிளைகள். நல்ல ஒலிவ மரத்தில் ஒட்டப்பட்டவர்கள். கிளை வேரைத் தாங்குவதில்லை, வேர்தான் கிளையைத் தாங்குகிறது, ஆகவே பெருமை பாராட்ட வேண்டாம் என்கிறார் அவர்.

மூன்றாவது, நம் மேசை. யூத உணவுச் சட்டத்தை நம் நாட்டுத் தீண்டாமையோடு சிலர் ஒப்பிட்டுப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அது நியாயமல்ல. தான் எதை உண்ணலாம் என்று கடவுளுக்குமுன் ஒரு யூதர் தமக்கே வகுத்துக்கொண்ட ஒழுங்கு அது; பிறப்பால் ஒருவரை என்றென்றைக்கும் இழிந்தவர் ஆக்கும் ஏற்பாடு அல்ல. அப்படிப்பட்ட மதிப்பான காரணமும், முன்னோர் சிந்திய இரத்தமும் இருந்தும்கூட, கிறிஸ்துவின் பொருட்டு அவர்கள் பிற இனத்தாரோடு ஒரே மேசையில் அமர்ந்தார்கள். நம்மிடம் அப்படி என்ன காரணம் இருக்கிறது? ஒரே நற்கருணையை வாங்கிவிட்டு வெளியே வந்து தனிப் பந்தி, தனித் தெரு, தனிக் கல்லறை என்று பிரியும்போது, அந்தியோக்கியாவில் பேதுரு கேட்ட கண்டிப்பை நாமும் கேட்க வேண்டியவர்களாகிறோம். அந்நியராய் வந்த நமக்கு இடம் கொடுத்தவர்களின் முன்னால், நாம் யாருக்கு இடம் மறுக்க முடியும்?

செபிப்போம். ஆபிரகாமின் கடவுளே, ஈசாக்கின் கடவுளே, யாக்கோபின் கடவுளே, எம் ஆண்டவர் இயேசுவின் தந்தையே! நீர் முதலில் தேர்ந்துகொண்ட மக்கள் வழியாக எங்களுக்கு மறைநூலையும், மரியாவையும், உம் மகனையும் தந்தீர். அவர்களை இகழ்ந்த எங்கள் நாவுகளை மன்னியும். எருசலேமில் அன்று திறந்த கதவை எங்கள் பங்குகளிலும் வீடுகளிலும் நாங்கள் மூடாதிருக்க அருள்தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.